வெளியூர்த் தொழிலாளர் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், அவிநாசி, கோவை பக்கம் தொழிலாளர் ஆய்வுகளுக்குக் களப்பணி செய்கிறேன். கேள்வித்தாளோடு லைன் வீடுகளில் ஏறி இறங்குவது என் வேலை. நான் கேள்வி கேட்பது போக, என்னிடம் கேள்வி கேட்பவர்களும் நிறைய. கல்லூரி மாணவர்கள், நிருபர்கள், கம்பெனி சூப்பர்வைசர்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்று எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். சொன்னதையே திரும்பச் சொல்லாமல் இருக்க எண் போட்டிருக்கிறேன்.

1. புலம்பெயர் தொழிலாளர்னா வடநாட்டு ஆளுங்கதானே?

அவர்கள் மட்டும் இல்லை. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து வேறு ஊரில் தங்கி வேலை பார்க்கிற எல்லோரும்தான். தேனியிலிருந்து திருப்பூர் வந்து ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவரும், விழுப்புரத்திலிருந்து குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிறவரும், திருநெல்வேலிப் பக்கமிருந்து மும்பை தாராவிக்குப் போய்க் குடியேறியவர்களும் இதில் சேர்த்திதான். பனியன் தொழில் பெருத்ததே தேனி, மதுரை, திண்டுக்கல் ஆட்களை வைத்துத்தான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆட்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

'புலம்பெயர்ந்தோர்' என்றால் பலருக்கு வெளிநாடு போனவர்கள் நினைவுக்கு வருவதால், நான் 'வெளியூர்த் தொழிலாளர்' என்றே எழுதுகிறேன். கேரள அரசு 'அதிதி தொழிலாளி' என்கிறது, அதாவது விருந்தாளி. நம் தெருவில் 'வடக்கன்' என்கிறார்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவருக்கும் அந்தச் சொல் மட்டும் புரிந்துவிடுகிறது. முகத்தைப் பார்த்தாலே தெரியும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

2. இந்தியா முழுக்க எத்தனை பேர் இப்படி ஊர் மாறியிருக்காங்க?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 45 கோடி பேர். மக்கள்தொகையில் 37 சதவீதம். 2020-21 காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 28.9 சதவீதம் என்றது. இரண்டும் அரசுக் கணக்குதான். ஆனால் முதலாவது வீடு வீடாக எல்லோரையும் எண்ணியது. இரண்டாவது சில வீடுகளை மாதிரியாக எடுத்துக் கேட்டது. கேட்ட கேள்வியும் ஒன்றல்ல.

இந்த 45 கோடியும் வேலைக்காகப் போனவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து ஊருக்குக் கல்யாணம் ஆகிப் போன பெண்ணும் இதில் வருவார். அதில் வேலைக்காக என்று காரணம் சொன்னவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். மாநில எல்லையைத் தாண்டியவர்கள், எல்லாக் காரணமும் சேர்த்து, சுமார் 5.4 கோடி.

3. வேலைக்குப் போனவங்க அவ்வளவு கம்மியா? நம்பவே முடியலையே.

உங்கள் சந்தேகம் சரி. அரசுக் கணக்கெடுப்புகள் வீட்டை வைத்து நடக்கின்றன. ஓர் இடத்தில் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் தங்கினால்தான் அது உங்கள் 'வழக்கமான வசிப்பிடம்'. மூன்று மாதம் சூளை, இரண்டு மாதம் கட்டட வேலை, நடுவில் ஊர் என்று சுற்றுகிறவர் எங்குமே அந்த ஆறு மாதத்தைத் தொடுவதில்லை. ஊரில் கேட்டால் 'வெளியே போயிருக்கான்'. இங்கே கேட்டால் 'ஊர்க்காரன் இல்லை'. இரண்டு பக்கமும் விட்டுப்போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பத்துக்குப் பத்து அறை, சுவரோரம் சுருட்டி வைத்த ஏழு பாய், மூலையில் உருளைக்கிழங்கு வேகிறது. எத்தனை பேர் தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். 'ஐந்து' என்றார் ஒருவர். நைட் ஷிப்ட் போனவர்கள் இரண்டு பேர் கணக்கில் வரவில்லை. அவர்கள் வந்து படுக்கும் நேரத்தில் இவர்கள் வேலையில் இருப்பார்கள். பீகார்ப் பக்கத்துப் பண்டிகையான சத் பூஜைக்கு ஊருக்குப் போன இன்னொருவரையும் சொல்லவில்லை, அவர் திரும்பி வருவாரா என்பது இவர்களுக்கே தெரியாது. நான் வார நாளில் போயிருந்தால் கதவே பூட்டியிருக்கும், தாளில் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போயிருப்பேன். கட்டட சைட்டில் தகரக் கொட்டகையில் தங்குகிறவர்கள் நிலை இன்னும் மோசம். அது வீட்டுப் பட்டியலிலேயே ஏறாமல் போய்விடுவது சாதாரணம்.

குறுகிய காலம் போகிறவர்களைத் தனியாகக் கேட்ட கணக்கும் உண்டு. 2007-08 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, கடந்த ஓராண்டில் ஒரு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் வேலைக்காக வெளியே போனவர்கள் சுமார் 1.36 கோடி என்றது. அதுவும் குறைவு என்றுதான் ஆய்வாளர்கள் பலர் வாதிடுகிறார்கள். என் கருத்தும் அதுதான்.

4. பொம்பளைங்க எல்லாம் கல்யாணத்துக்காகத்தான் ஊர் மாறுறாங்களா?

2020-21 கணக்கெடுப்பில் இடம் மாறிய பெண்களில் 86.8 சதவீதம் பேருக்குக் கல்யாணமே காரணம் என்று பதிவாகியிருக்கிறது. தாளில் ஒரே ஒரு முக்கியக் காரணம்தான் குறிக்க முடியும். அந்தக் கட்டம் எதை மறைக்கிறது என்று பாருங்கள். ஒடிசாவிலிருந்து கல்யாணம் முடித்துக் கணவரோடு திருப்பூர் வந்து, அடுத்த மாதமே பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்கும் செக்கிங்குக்கும் சேர்ந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். ஆறு வருடமாக ஷிப்ட் பார்க்கிறார். அவரும் கணக்கில் கல்யாணத்துக்காக வந்தவர்தான்.

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்திலிருந்து மேற்கு மகாராஷ்டிரா கரும்புக் காட்டுக்குப் போகிறவர்களை 'கொய்த்தா' என்று எண்ணுவார்கள். கொய்த்தா என்றால் அரிவாள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கொய்த்தா. முன்பணம் கொய்த்தாவுக்குப் பேசப்படுகிறது. மனைவி வெட்டிய கரும்புக்குத் தனிக் கூலி என்று ஒன்று எழுத்தில் இருப்பதில்லை.

5. தமிழ்நாட்டுல எத்தனை லட்சம் பேர்ங்க? ஒருத்தர் பத்து லட்சம்ங்கிறார், இன்னொருத்தர் ஒரு கோடிங்கிறார்.

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது தொழிலாளர் துறை எடுக்கச் சொன்ன 2015 ஆய்வு: 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள். பத்து லட்சம் என்பவர் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்தாயிற்று, அந்த எண்ணை இன்றைய எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு கோடி என்பவரிடம் 'யார் எண்ணியது, எப்போது, எப்படி' என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட வரையில் யாரும் பதில் வைத்திருக்கவில்லை.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாக வைத்திருக்கிறார்கள். அந்த முடிவு வரும் வரை எல்லோரும் 2011 எண்ணை வைத்துத்தான் பேசியாக வேண்டும். அதிலும் 3-இல் சொன்ன ஓட்டை இருக்கிறது.

6. ரயில் டிக்கெட்டை வச்சு எண்ணுறாங்களாமே, அது சரியா வருமா?

எனக்குப் பிடித்த முறைகளில் ஒன்று. கேரளத்தில் குலாட்டி நிதி, வரி ஆய்வு நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, வீடு வீடாகப் போகாமல், மாநிலத்துக்குள் வரும் நெடுந்தூர ரயில்களில் வரும் தொழிலாளர்களை எண்ணியது. சுமார் 25 லட்சம் பேர், ஆண்டுக்கு 17,500 கோடி ரூபாய் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று மதிப்பிட்டது. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையும் முன்பதிவில்லாத ரயில் பயணங்களை வைத்து, 2011 முதல் 2016 வரை ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் போனதாகச் சொன்னது. அதுவரை நினைத்திருந்ததைவிட இது மிகவும் அதிகம்.

தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நிற்கும்போது பொதுப்பெட்டி வாசலைப் பாருங்கள், இந்த முறை ஏன் வேலை செய்கிறது என்று புரியும். ஆனால் டிக்கெட், ஆளின் காரணத்தைச் சொல்லாது. வேலைக்கு வந்தவரும் வைத்தியத்துக்கு வந்தவரும் அங்கே ஒன்றுதான். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இதே மாதிரி முன்பதிவில்லா டிக்கெட், கைபேசி ரோமிங் விவரங்களை எல்லாம் வைத்து, 2023-இல் ஊர் மாறியவர்கள் 40.2 கோடி பேர், 2011-ஐவிட 11.8 சதவீதம் குறைவு என்றது. உடனே 'இடப்பெயர்வு குறைந்துவிட்டது' என்று செய்தி வந்தது. பொதுப்பெட்டி குறைந்தாலும், ஆட்கள் பஸ்ஸுக்கு மாறினாலும் முன்பதிவில்லா டிக்கெட் குறையும். அதனால் அந்த முடிவை நான் இன்னும் ஏற்கவில்லை.

7. வேலையில்லாத் திண்டாட்டம் 3.2 சதவீதம்தான்னு அரசு சொல்லுது. வேலை இருந்தா ஏன் ஊரை விட்டு வர்றாங்க?

2023-24 காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் வந்த எண் அது. 'வழக்கமான நிலை' என்ற முறையில், ஆண்டின் பெரும்பகுதி வேலையில் இருந்தவர் மட்டுமல்ல, 30 நாளாவது துணை வேலை பார்த்தவரும் வேலையில் இருப்பவர்தான். அப்பாவின் அரை ஏக்கரில் சம்பளம் இல்லாமல் களை எடுக்கிற மகனும் வேலையில் இருப்பவரே. வாராந்திர முறையில் பார்த்தால் அதே ஆண்டில் 4.9 சதவீதம். அதிலும் வாரத்தில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை பார்த்தால் போதும். 'வழக்கமான நிலை' முறையிலேயே 15 முதல் 29 வயதுக்காரர்களை மட்டும் எடுத்தால் 10.2 சதவீதம்.

ஏழைக்கு வேலையில்லாமல் சும்மா இருக்க வசதி இல்லை. ஏதோ ஒன்றைச் செய்துகொண்டுதான் இருப்பார், அதனால் கணக்கில் 'வேலையில்லாதவர்' ஆக மாட்டார். அவரை ரயில் ஏற்றுவது கூலி வித்தியாசம். ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 விவரப்படி கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி தினக்கூலி கேரளத்தில் 852.5 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 278.7 ரூபாய். மூன்று மடங்கு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அப்புறம், தெரிந்த ஆள் இருக்க வேண்டும். ஒரு கம்பெனியில் சொந்த ஊரில் ஒரே பிளாக்கை, அதாவது ஒன்றியத்தைச் சேர்ந்த முப்பது பேர் இருப்பார்கள். முதலில் வந்தவர் போன் போட்டு அடுத்தவரை வரவழைத்திருப்பார்.

8. நம்ம பசங்களுக்கு வேலை இல்லாததுக்கு இவங்கதான் காரணம்னு சொல்றாங்களே?

அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி இது. கேட்கிறவர்களில் பலர் நிஜமாகவே வேலை இல்லாத பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள். அதனால் கவனமாகப் பதில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம், தேசிய சராசரி 28.4. பட்டம் படித்த பையன் சாயப்பட்டறையில் ஈரத் துணி தூக்கவோ கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கவோ போவதில்லை. பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள்: 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரி குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. நம் பிள்ளை தேடுகிற வேலையும் வெளியூர்க்காரர் செய்கிற வேலையும் பெரும்பாலும் வேறு வேறு.

ஆனால் 'யாருக்கும் பாதிப்பே இல்லை' என்றும் நான் சொல்ல மாட்டேன். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற உள்ளூர் டெய்லரிடம் கேட்டால், 'ரேட்டை ஏத்திக் கேட்டா, ஆள் நிறைய இருக்குன்னு சொல்றாங்க' என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. உலக அளவிலும் இது தீராத வாதம். 1980-இல் கியூபாவிலிருந்து சுமார் 1.25 லட்சம் பேர் அமெரிக்காவின் மியாமிக்கு வந்திறங்கினார்கள், அந்த ஊரின் தொழிலாளர் எண்ணிக்கை திடீரென 7 சதவீதம் கூடியது. உள்ளூர்க் கூலி பெரிதாகக் குறையவில்லை என்று 1990-இல் டேவிட் கார்டு எழுதினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். பள்ளிப் படிப்பு முடிக்காதவர்களை மட்டும் எடுத்தால் குறைந்திருக்கிறது என்று 2017-இல் ஜார்ஜ் போர்ஹாஸ் மறுத்தார். என் களத்தில் நான் பார்த்தது இதுதான்: ரேட்டைக் குறைப்பது வந்தவர் அல்ல, வந்தவருக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுகிறவர். இருவருக்கும் குறைந்தபட்சக் கூலியை ஒழுங்காகக் கொடுத்தால் இந்தச் சண்டை பாதி தீரும்.

9. கம்பெனிக்காரங்க ஏன் காண்ட்ராக்டர் மூலமாவே ஆள் எடுக்குறாங்க?

ஆர்டர் வந்தால் ஆள் வேண்டும், ஆர்டர் முடிந்தால் வேண்டாம். காண்ட்ராக்டர் இருந்தால் அந்தத் தலைவலி அவருடையது. ஆளைக் கூட்டிவருவது, அறை பார்ப்பது, மொழி பேசுவது, பிரச்சினை வந்தால் ஊருக்கு அனுப்புவது எல்லாம் அவர். சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் பிரித்துக் கொடுப்பதும் அவரே. அறை வாடகை, சாப்பாடு, வந்த டிக்கெட், முன்பணம் என்று அவர் எதைப் பிடிக்கிறார் என்பது பல தொழிலாளிகளுக்குக் கையில் காசு வாங்கும்போதுதான் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஒரு நோட்டில் தினமும் எத்தனை ஷிப்ட் என்று கோடு போட்டு வைத்திருந்தான். காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை பார்த்தால் ஒன்றரைக் கோடு. வார முடிவில் நோட்டில் ஒன்பது கோடு, கைக்கு வந்தது ஏழரைக் கோட்டுச் சம்பளம். கேட்டதற்கு 'போன வாரம் சரி பண்ணிட்டேன்' என்றாராம் காண்ட்ராக்டர். அந்த நோட்டைத் தவிர அவனிடம் வேறு எந்தச் சான்றும் இல்லை.

10. இவங்களுக்குன்னு சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. ஒடிசாவில் 'தாதன்' முறையில், அதாவது முன்பணம் கொடுத்து, ஏஜென்ட்டுகள் கூட்டம் கூட்டமாக ஆள் பிடித்துப் போனதைத் தடுக்க 1975-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அதைத் தொடர்ந்து 1979-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு இடையேயான இடம்பெயர் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. காண்ட்ராக்டர் மூலம் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் இருந்தாலே பொருந்தும். உரிமம், புகைப்படம் ஒட்டிய பாஸ்புக், பயணப்படி, மாதச் சம்பளத்தில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது இடப்பெயர்வுப்படி. அப்படி ஒரு பாஸ்புக்கை என் இத்தனை வருடக் களப்பணியில் ஒருவரிடமும் பார்த்ததில்லை.

2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அதில் ஒரு நல்லது: காண்ட்ராக்டர் இல்லாமல் தானாக வந்து வேலையில் சேர்ந்தவரும் இப்போது வெளிமாநிலத் தொழிலாளிதான். சம்பள வரம்பு 18,000 ரூபாய். இழந்ததும் உண்டு: ஐந்து என்றிருந்தது பத்தாகிவிட்டது, இடப்பெயர்வுப்படி போய்விட்டது. ஊருக்குப் போய்வர மொத்தமாக ஒரு பயணத்தொகை மட்டும் இருக்கிறது.

11. நம்ம விழுப்புரம், திருவண்ணாமலை ஆளுங்க சூளைக்குப் போறாங்களே, அவங்களுக்கும் பொருந்துமா?

மாநிலத்துக்குள்ளேயே போனால் பொருந்தாது. 10-இல் சொன்ன இரண்டு சட்டத்திலும் மாநில எல்லையைத் தாண்டினால்தான் கணக்கு. விழுப்புரத்திலிருந்து திருவள்ளூர் சூளைக்குப் போகிற குடும்பம், ஒடிசா பலாங்கீரிலிருந்து அதே சூளைக்கு வருகிற குடும்பத்தின் பக்கத்திலேயே கல் அறுத்தாலும், சட்டத்தின் கண்ணில் வேறு.

அவர்களுக்குக் கைகொடுக்கக்கூடியது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். முன்பணத்தைக் காட்டி வெளியே போகவிடாமல் வைத்தால் அது கொத்தடிமை. ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று தீர்ப்பளித்தது. புகார் போக வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர்.

12. ரேஷன் கார்டு இருந்தா எங்க வேணா அரிசி வாங்கலாம்தானே?

வாங்கலாம். 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. கார்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்க வேண்டும், ஆதார் இணைந்திருக்க வேண்டும், கைரேகை விழ வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: குடும்பம் ஊரில் தன் பங்கை வாங்கிக்கொள்ள, இவர் பங்கை மட்டும் இவர் இங்கே வாங்கலாம். தமிழ்நாடு தன் செலவில் தருகிற பருப்பு, பாமாயில் அந்தக் கார்டுக்குக் கிடைக்காது.

அந்தச் சட்டத்தில் யாருக்கெல்லாம் இடம் என்பது இன்னும் 2011 மக்கள்தொகையை வைத்தே இருப்பதால், அதற்குப் பிறகு கல்யாணம் ஆனவர்கள், பிறந்தவர்கள் பலர் கார்டிலேயே இல்லை. 5-இல் சொன்ன தாமதம் இவர்கள் தட்டில்தான் விழுகிறது.

13. இ-ஷ்ரம்ல 30 கோடி பேர் பதிஞ்சிருக்காங்களே. அதை எடுத்தா கணக்கு முடிஞ்சுதே?

2021 ஆகஸ்ட் 26-இல் மத்திய அரசு தொடங்கிய அந்தப் பதிவுத் தளம் அமைப்புசாராத் தொழிலாளர் எல்லோருக்குமானது, ஊர் மாறியவர்களுக்கு மட்டுமல்ல. ஊரில் இருக்கும்போது பதிந்துவிட்டு ரயில் ஏறியவரின் முகவரி ஊரிலேயே நிற்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனியில் இருப்பவர் பதிய முடியாது. பதிவேடு என்பது பதிந்தவர்களின் பட்டியல். அதைக் கணக்கெடுப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

14. 2020 ஊரடங்குல என்ன நடந்துச்சுன்னு சரியான கணக்கு இருக்கா?

பாதி இருக்கிறது. மார்ச் 25 முதல் ஊரடங்கு. தொழிலாளர்களை ஊருக்கு அனுப்ப விட்ட முதல் ஷ்ராமிக் ரயில் மே 1-இல்தான், தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு. இடையில் ஐந்து வாரம் மக்கள் நடந்தார்கள். மே 8 அதிகாலை மகாராஷ்டிராவின் ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. ஜால்னாவில் வேலை பார்த்தவர்கள், மத்தியப் பிரதேசத்துக்காரர்கள். அந்தத் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படத்தை இந்த வேலையில் இருக்கிற யாராலும் மறக்க முடியாது.

அந்தச் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தொழிலாளர் அமைச்சகம் சொன்னது: ஊர் திரும்பியவர்கள் சுமார் 1.04 கோடி, வழியில் இறந்தவர்கள் பற்றி விவரம் இல்லை. சாவை எண்ணியது செய்தித்தாள்களைப் படித்துத் தொகுத்த தன்னார்வலர்கள்தான்.

அதே ஏப்ரலில் ஸ்வான் என்ற தன்னார்வக் குழு, தங்களுக்குப் போன் செய்த 11,159 தொழிலாளர்களில் 96 சதவீதம் பேருக்கு அரசு ரேஷன் வரவில்லை, 89 சதவீதம் பேருக்கு முதலாளி சம்பளமே தரவில்லை என்று அறிக்கை வெளியிட்டது. அந்த நாட்களில் வந்த மிக முக்கியமான ஆவணம் அது. ஆனால் உதவி கேட்டுப் போன் செய்தவர்களின் நிலை அது என்பதைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 'இந்தியத் தொழிலாளர்களில் 96 சதவீதம்' என்று எழுதுவது தவறு. எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

15. 2023-ல பீகார் ஆளுங்களை இங்க அடிக்கிறாங்கன்னு வீடியோ வந்துச்சே, அது நிஜமா?

வேறு வேறு இடத்துச் சம்பவங்களைத் தமிழ்நாடு என்று போட்டுப் பரப்பியவை. தமிழ்நாடு காவல்துறை வழக்குப் போட்டது, பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துப் போனது. அந்த மார்ச் 8 ஹோலி. ஆண்டுதோறும் ஹோலிக்கு ஊர் போகிற கூட்டத்தையே 'ஓடுகிறார்கள்' என்று காட்டினார்கள். ஆனால் வதந்தி பொய்யாக இருந்தாலும் பயம் நிஜமாக இருந்தது. ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் செய்தால் எந்தப் பையன் தங்குவான்? அடுத்த சில வாரங்கள் நாங்கள் தட்டிய கதவுகள் பல திறக்கவே இல்லை.

16. இவங்க ஓட்டு எங்க? இங்கயா, ஊர்லயா?

1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வழக்கமாக வசிக்கிற இடத்தில். தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் அந்த வசிப்பு போய்விடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சட்டத்தில் தெளிவு, வாழ்க்கையில் குழப்பம்: வருடத்தில் பத்து மாதம் இங்கே, மனைவி மக்கள் அங்கே என்றால் எது வழக்கம்? 2025-இல் பீகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் 36 லட்சம் பேர் நிரந்தரமாக இடம் மாறியவர்கள் அல்லது கண்டுபிடிக்க முடியாதவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. இருக்கிற இடத்திலிருந்தே ஓட்டுப் போட ஓர் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட ஏற்பாடு செய்தது. கட்சிகள் எதிர்த்தன, அது அப்படியே நின்றுவிட்டது.

17. ஊரை விட்டு வராமலே இருக்க அரசு ஏதாவது செய்யலாமே?

100 நாள் வேலைத் திட்டம் ஒழுங்காக நடந்த இடங்களில் குறுகிய காலத்துக்கு வெளியே போவது குறைந்தது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எல்லோரையும் ஊரிலேயே நிறுத்துவது நல்லது என்று நான் நினைக்கவில்லை. வங்கதேசத்தின் ரங்பூரில் 2008-இல், பசிக் காலத்தில் நகரத்துக்குப் போக பஸ் செலவுக்கு மட்டும் சுமார் எட்டரை டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் கூடுதலாக 22 சதவீதக் குடும்பங்கள் ஆள் அனுப்பின, வீட்டில் சாப்பாடு கூடியது, அடுத்த ஆண்டு காசு கொடுக்காமலே பலர் போனார்கள். அதையே பெரிதாக விரித்தபோது பலன் தெரியவில்லை. நடத்திய அமைப்பு 2019-இல் அதை வெளிப்படையாகச் சொல்லி நிறுத்தியது. அந்த நேர்மைக்காகவே இதை மாணவர்களிடம் சொல்வேன்.

18. நான் எம்.ஏ. படிக்கிறேங்க. சின்னதா ஒரு ஆய்வு பண்ணணும். எங்க ஆரம்பிக்கிறது?

முதலில் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் மூல விவரங்களை இறக்கிக்கொள்ளுங்கள், புள்ளியியல் அமைச்சகத் தளத்தில் இலவசம். பிறகு களம். ஞாயிறு பகல் பதினொன்றுக்கு மேல் போங்கள், காலையில் துணி துவைப்பார்கள். காண்ட்ராக்டர் அறிமுகத்தில் போனால் அவர் பக்கத்திலேயே நிற்பார், பதில் எல்லாம் 'நல்லா இருக்கு' என்றுதான் வரும். டீக்கடை வழியாகப் போங்கள். 'எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள்' என்று கேட்டால் முதல் முறை வந்த வருடத்தைச் சொல்வார்கள். அதற்குப் பதில் ஹோலி, நெல் நடவு, சத் பூஜை என்று வரிசையாகச் சொல்லி, அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டு பன்னிரண்டு மாதத்தையும் நிரப்புங்கள். 3-இல் சொன்ன ஆட்கள் அப்போதுதான் தாளில் தெரிவார்கள்.

பெயர், கம்பெனிப் பெயர் இரண்டையும் கேள்வித்தாளில் எழுதாதீர்கள், எண் போடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேட்கத் திட்டம் இருந்தால், அவர் போன் எண்ணோடு ஊரில் இருக்கிற அம்மா அல்லது மனைவியின் எண்ணையும், அவர் சம்மதித்தால், வாங்கி வையுங்கள். இவர் சிம்மை மாற்றிவிடுவார், அறையையும் மாற்றிவிடுவார். அந்த வீட்டு எண்ணில் கேட்டால் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள்.